சபை ஏன் நூற்றுப்பத்தோடு நின்றுவிட்டது?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒன்பது வருடமாகத் தனிச்சபை நடத்தி வருகிறேன். ஒரே ஊரைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் சொந்தமான நான்கு குடும்பங்களோடு ஒரு வாடகை வீட்டில் தொடங்கினோம். மூப்பர்களும் அவர்கள்தான். இப்போது ஒரு பட்டறைக்கு மேலே ஷீட் போட்ட ஹாலில் கூடுகிறோம். ஞாயிறு ஆராதனைக்கு நூற்றுப்பத்து பேர் வருகிறார்கள். மூன்று வருடமாக இந்த எண்ணிக்கை ஏறவே இல்லை. பின்வரிசையில் ஜார்க்கண்ட் பையன்கள் சிலர் வந்து உட்காருகிறார்கள், தமிழ் புரியவில்லை, எதற்கு வருகிறார்கள் என்று தெரியவில்லை. என் பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. பெரிய சபையில் நல்ல பாட்டுக்குழு இருக்கிறது என்று இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. காலை ஐந்து மணி ஜெபம் முதல் ராத்திரி பத்து மணி போன் வரை எல்லாவற்றுக்கும் நான்தான். ஓய்வுநாள் பள்ளியையும் பெண்கள் கூட்டத்தையும் என் மனைவி பார்க்கிறார், மிகவும் சோர்ந்துவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை (தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது) பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்காமலேயே வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறார். இது பிரிவினையில் போய் முடியுமோ என்று பயமாக இருக்கிறது. எட்டு சென்ட் இடம் ஒன்று விலைக்கு வருகிறது. சொந்த ஆலயம் கட்டினால் சபை தானாக வளரும் என்கிறார்கள் மூப்பர்கள். கடன் எடுத்து வாங்கலாமா? சபை வளர நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு போதகர், திருப்பூர்

பதில்:

அன்பான தம்பி, கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள்.

நீங்கள் பயம் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செக்கிங் வேலை பார்க்கும் அந்த அக்காவைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த நூற்றுப்பத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மூன்று வருடமாக எண்ணிக்கை மாறவில்லை என்றால் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. திருப்பூரில் கம்பெனி மாறினால் வீடு மாறும். ஆர்டர் குறைந்தால் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பொங்கலுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. உங்கள் ஹாலுக்கு இந்த மூன்று வருடத்தில் இன்னும் எத்தனையோ பேர் வந்து, நாலைந்து வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து, யாரும் பெயர்கூடக் கேட்காமல் போயிருப்பார்கள். ஆள் வராத சபைக்குச் சொல்லும் ஆலோசனை வேறு, வந்தவர் தங்காத சபைக்குச் சொல்லும் ஆலோசனை வேறு. உங்களுடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். ஊரே வந்து போகும் இடத்தில் இருந்துகொண்டு ஆள் வரவில்லை என்று சொல்ல முடியாது.

அதனால் முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எங்கள் தெற்கத்திச் சேகரங்களில் (ஒரு குருவின் கீழ் வரும் ஊர்ச் சபைகளில்) பழைய உபதேசிமார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் ஊர்ச் சபையை விசாரித்து உபதேசித்த ஊழியர்கள், வைத்திருந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கடைக்கணக்கு எழுதும் நீள நோட்டுதான். குடும்பத்துக்கு ஒரு பக்கம். மேலே வீட்டுப் பெரியவர் பெயர், அதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் ஞானஸ்நானத் தேதி, பிள்ளைகள் எந்த வகுப்பு, யார் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது, யாருக்கு உடம்பு சரியில்லை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஓரத்தில் பென்சிலால் தேதிகள்: அந்த வீட்டுக்குப் போன நாட்கள். ஒரு பக்கத்தில் பென்சில் தேதி இல்லாமல் இரண்டு மாதம் ஓடிவிட்டால் அவருக்கே உறுத்தும், கிளம்பிவிடுவார். நீங்களும் அப்படி எழுதுங்கள். கடைசிப் பக்கங்களில், வந்து தங்காமல் போனவர்கள் பெயரை நினைவிலிருந்து எழுதுங்கள். பெயர் ஞாபகம் வராதவர்களும் இருப்பார்கள். "நீலச் சட்டைப் பையன், செரங்காடு" என்று எழுதினாலும் சரி. அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகு இடம் வாங்குவதைப் பற்றி உங்கள் மூப்பர்களோடு பேசுங்கள்.

ஞாயிறு வருகையை வைத்து மட்டும் சபையை அளக்கவும் வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் ஞாயிறும் வேலை ஓடும் ஊர் உங்களுடையது. வராதவர் பின்மாறிப் போனவர் என்று மேடையிலிருந்து ஜாடையாகப் பேசும் பழக்கம் நம் போதகர்கள் சிலரிடம் இருக்கிறது. அதைவிட வருத்தமான பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தவருக்கு, ஞாயிறு சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுப் போனால் அதுவும் ஆராதனைதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காலை ஐந்து முதல் ராத்திரி பத்து வரை எல்லாவற்றுக்கும் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உழைப்புக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சபை நின்றுபோனதற்குக் காரணமும் அதுவே. ஒரு மனிதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய், சாவுக்கும் கல்யாணத்துக்கும் நின்று, பிள்ளை பரீட்சை எழுதியதா என்று விசாரிக்கக்கூடிய ஆட்கள் இவ்வளவுதான் என்று ஒரு அளவு இருக்கிறது. உங்கள் அளவு நூற்றுப்பத்தில் வந்து முட்டியிருக்கிறது. இதற்கு மேல் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் உங்கள் கையிலிருந்து இன்னொரு குடும்பம் நழுவும். எத்தனை உபவாசக் கூட்டம் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார் எத்திரோ வந்து பார்க்கிறார். காலை முதல் சாயங்காலம் வரை ஜனங்கள் மோசே முன்னால் காத்து நிற்கிறார்கள். நீ செய்கிறது நல்லதல்ல, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஜனங்களும் என்பதைக் கவனியுங்கள். நாம் மோசேயின் களைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறோம், வெயிலில் வரிசையில் நின்ற ஜனங்களை மறந்துவிடுகிறோம். உங்கள் போன் பிஸியாக இருக்கும்போது மறுமுனையில் காத்திருக்கிறவர் யார்?

நம் தமிழ்த் திருச்சபையின் சரித்திரத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. நாம் மிஷனரிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறோம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் 1719இல் தன் 36ஆம் வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அந்த வேலை நின்றுவிடவில்லை என்றால், ஊர் ஊராக நடந்துபோன தமிழ் உபதேசிமார் இருந்தார்கள் என்பதால்தான். அவர்களில் ஒருவரான ஆரோனுக்கு 1733இல் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் குருவான முதல் இந்தியர் அவர்தான்.

திருநெல்வேலிக்கு வாருங்கள். பாளையங்கோட்டையில் சபை உருவானபோது அங்கே தங்கி ஊழியம் செய்யும் மிஷனரி யாரும் கிடையாது. ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் இருந்தார், எப்போதோ வந்துபோவார். அந்தச் சிறு கூட்டத்தைத் தாங்கியது 1778இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்கிற விதவைப் பெண். மராத்திய பிராமண குடும்பத்தில் பிறந்தவர். 1785இல் அவர் முயற்சியில் எழும்பிய ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். அப்புறம் 1790இல் சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றார், பாளையங்கோட்டைச் சபை அவர் கைக்கு வந்தது. தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் தன் சொந்த ஜனங்களிடம் போனார். துன்பப்பட்ட விசுவாசிகளுக்காக 1799இல் முதலூர் என்ற ஊரே உண்டானது. இவர்கள் யாரும் யாருடைய உதவியாளராகவும் இருந்து சபையை வளர்க்கவில்லை. பொறுப்பு இவர்கள் கையில் இருந்தது.

இப்போது உங்கள் அக்காவைப் பற்றி. கேட்காமலேயே வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறுகிறது, யார் வீட்டில் கந்துவட்டிக்காரன் வந்து நிற்கிறான், எந்தப் பெண் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கைப்பிள்ளையோடு லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது, இதெல்லாம் செக்கிங் டேபிளில் பீஸைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே அவருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். அவர் உங்கள் சபையின் உபதேசியார், தம்பி. நீங்கள் நியமிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அவரைக் கண்டிக்கவும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். அவர் வீட்டுக்கு நீங்களும் உங்கள் மனைவியும் போங்கள். எந்தெந்த வீடுகளுக்குப் போகிறார் என்று கேளுங்கள், கேட்டதை அந்த நோட்டில் எழுதுங்கள். அவரிடம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் அவரை நிறுத்தி, இந்தக் குடும்பங்களை இனி இவர் விசாரிப்பார் என்று சொல்லி, தலையில் கைவைத்து ஜெபியுங்கள். ஒளிந்து செய்கிறது போலத் தெரிந்தது சபையின் வேலையாகிவிடும். அவரைப் போல இன்னும் ஐந்தாறு பேர் உங்களிடம் இருப்பார்கள். காணிக்கை அதிகம் போடுகிறவரையும் மைக்கில் நன்றாகப் பேசுகிறவரையும் தேடாதீர்கள். சபை முடிந்ததும் பாய் சுருட்டுகிறவர் யார், வராதவரைப் பற்றி உங்களிடம் வந்து கேட்கிறவர் யார் என்று பாருங்கள்.

ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, உபதேசிமாரை வரவழைத்து, அவர்கள் போய்வந்த ஊர்க் கதையைக் கேட்டு, பாடம் சொல்லி, திரும்ப அனுப்பியதுதான். நீங்கள் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இந்த ஆறேழு பேரை உட்கார வையுங்கள். சனிக்கிழமை வேண்டாம், அது சம்பள நாள், எல்லோரும் கடைவீதியில் இருப்பார்கள். சேர்ந்து சாப்பிடுங்கள். ஒவ்வொருவரும் போன வீடுகளைப் பற்றிப் பேசட்டும். வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து, இதை ஒரு வீட்டில் எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொடுங்கள். சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் பேசக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும், மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் யாருக்கும் ஜெபிக்கக் கூடாது, அடி உதை, தற்கொலைப் பேச்சு, பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடப்பது என்று காதில் விழுந்தால் அன்றைக்கே உங்களிடம் வர வேண்டும். அப்படி வந்தால் நீங்களும் ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடமோ போலீஸிடமோ கூட்டிப்போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098க்குப் பேசலாம்.

பிரிவினை வராதா என்று கேட்கிறீர்கள். வரலாம். ரேனியஸ் ஐயருடைய காலத்திலேயே வந்தது. அவரை அனுப்பிய மிஷனரி சங்கத்தோடு சபை ஒழுங்குகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு முற்றி 1835இல் அவரை நீக்கினார்கள். அவர் போன பிறகு உபதேசிமார் பலர் திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. 1838இல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் பிளவு மெல்ல ஆறியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஜனங்களின் பாசமெல்லாம் ஒரே ஆளின்மேல் இருக்கும்போது அந்த ஆளை அசைத்தால் சபையே அசைகிறது. நீங்கள் பயப்படுகிற பிரிவினைக்கு இன்றைக்கு உங்கள் சபையில் அதிக இடம் கொடுப்பது அந்த அக்கா இல்லை. எல்லாம் உங்களிடம் வந்து முடிகிறதே, அந்த ஏற்பாடுதான். நாளைக்கு உங்களுக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்தால் என்ன ஆகும்?

சபைகள் உடைந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உபதேச வேறுபாடு என்று வெளியே சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பணம். காணிக்கையை எண்ணியது யார், எங்கே போனது என்று தெரியாத சபையில் சந்தேகம் தானாக முளைக்கும். பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். உங்கள் சபையில் காணிக்கைப் பை ஆராதனை முடிந்ததும் ஹாலிலேயே, உங்களோடு சொந்தமில்லாத இரண்டு பேர் கையால் எண்ணப்பட வேண்டும். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் வரவு செலவைச் சுவரில் ஒட்டுங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு என்பதையும் சபை முடிவு செய்து அதில் எழுதட்டும். கூச்சமாக இருக்கும், செய்யுங்கள். காணிக்கை உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்றால் இந்த மாதமே அதை நிறுத்துங்கள். டிரஸ்டாகவோ, ஏழு பேராவது சேர்ந்து 1975ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ பதிவு செய்து, அதன் பெயரில் கணக்கு தொடங்குங்கள். என்னைக் கேட்டால் சங்கம் நல்லது. வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்டியாக வேண்டும், அந்தக் கட்டாயம் நமக்கு வேண்டியதுதான். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாமல் சபைக்கென்று ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது அசரியா பேராயரை நினைக்காமல் இருக்க முடியாது. தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் ஒருவர். 1912இல் தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அங்கே அவருடைய சபையார் பெரும்பாலும் கூலி வேலை செய்த மிக ஏழை ஜனங்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் என்று அவர் அவர்களை விட்டுவிடவில்லை. சமைக்கும்போது அவர்கள் எடுத்துவைத்த பிடி அரிசியை மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பாராம். சுவிசேஷம் சொல்வது பேராயருடைய வேலை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. தசமபாகத்தைப் பற்றி மாதம் ஒரு பிரசங்கம் செய்வதைவிட இதில் பலன் அதிகம் என்று நம்புகிறேன்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. தொடங்கிய நான்கு குடும்பங்களும் ஒரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் சொந்தம் என்று எழுதியிருந்தீர்கள், மூப்பர்களும் அவர்கள்தான் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை இயல்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். புதிதாக வருகிறவருக்கு அது இயல்பாக இருக்காது. ஆராதனை முடிந்ததும் அந்த நான்கு குடும்பங்களும் ஒரு பக்கம் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது புதியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். வந்தவர் தங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இதில் சாதியும் இருக்கிறதா என்று நீங்கள் ஜெபத்தோடு உங்களையே கேட்டுப் பார்க்க வேண்டும். நம் சபைகளில் இது பழைய புண். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டுப் போனார்கள். இன்றைக்கும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அது வருவதை நாம் எல்லோரும் அறிவோம்.

எருசலேம் சபையிலும் இப்படி ஒரு முறுமுறுப்பு வந்தது. கிரேக்கு மொழி பேசிய விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று. அப்போது தெரிந்தெடுத்த ஏழு பேருடைய பெயர்களைப் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்குப் பெயர்கள். குறைபட்ட பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வசனங்களில்தான் சீஷருடைய தொகை மிகவும் பெருகியது என்று வருகிறது. உங்கள் மூப்பர் குழுவில் அந்த நான்கு குடும்பங்களைச் சேராத மூன்று பேராவது இந்த வருடத்துக்குள் வர வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். காணிக்கை எண்ணுவதையும் அவர்களிடம் கொடுங்கள்.

பின்வரிசையில் ஜார்க்கண்ட் பையன்கள் சிலர் வந்து உட்காருகிறார்கள், தமிழ் புரியவில்லை, எதற்கு வருகிறார்கள் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஜார்க்கண்டின் ராஞ்சியில் 1845இல் ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனரிகள் வந்ததிலிருந்து முண்டா, ஒராவோன் பழங்குடி மக்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன்கள் உங்கள் மூப்பர்களைவிடப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களாக இருக்கலாம். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு அன்றைய வேதபாடத்தை ஹிந்தியில் வாசிக்கச் சொல்லுங்கள், அவர்கள் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். சபை முடிந்து சாப்பிடக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் அடுத்த ஞாயிறே தொடங்கலாம்.

போன இரண்டு குடும்பங்களை விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து, அங்கே நன்றாக இருங்கள் என்று ஆசீர்வதித்துவிட்டு வாருங்கள். அவர்களைப் பற்றி மேடையில் பேசாதீர்கள். அவர்கள் சொன்ன காரணத்துக்காக டிரம்ஸும் கீபோர்டும் தவணையில் வாங்கவும் வேண்டாம். பக்கத்து சபையிலிருந்து நமக்கு வருகிறவர்களையும் வளர்ச்சி என்று எண்ணக் கூடாது. ஏன் வந்தார்கள் என்று கேட்டு, பழைய போதகரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சேர்த்துக்கொள்வதுதான் முறை. பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அரை மணி நேரம் போதும். வாரத்துக்கு ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் மனைவியின் சோர்வை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அவருக்குச் சபை சம்பளம் கொடுக்கிறதா? இல்லை என்றால் இரண்டு வேலையையும் அவர்மேல் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. பெண்கள் கூட்டத்தை மாற்றி மாற்றி நடத்த நான்கு பெண்களைப் பழக்குங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருவரை மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பயிற்சிக்கு அனுப்பி, ஜூன் முதல் அவர்களிடம் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள், திங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் போனை ஒரு மூப்பரிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு இருங்கள். திங்கட்கிழமை பாஸ்டர் இல்லை என்று சபைக்குத் தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் அந்த மூப்பர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்.

கடைசியாக, எட்டு சென்ட் இடம். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கட்டடம் சபையை வளர்க்கும் என்பதற்கு நம் சரித்திரத்தில் ஆதாரம் தேடினால் கிடைப்பது குறைவு, வளர்ந்த சபை கட்டடத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்ததற்கு நிறைய உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் ஆலயத்துக்கு 1847இல் அஸ்திவாரம் போட்டார், பிரதிஷ்டை நடந்தது 1880இல். முப்பத்துமூன்று வருடம். அத்தனை வருடமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சபைகள் பெருகிக்கொண்டுதான் இருந்தன. நீங்கள் கடன் எடுத்தால் அதன் பிறகு உங்கள் பிரசங்கமெல்லாம் தவணைத் தேதியைச் சுற்றித்தான் வரும். புதிதாக வருகிறவர் முதல் மாதத்திலேயே கட்டட நிதிக் கவர் வாங்குவார். விசுவாசிகளிடம் நகை கேட்டு அடகு வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

மூப்பர்கள் இதையெல்லாம் கேட்காமல் அவசரப்படுத்தினால் அவர்களை மூன்று இடத்துக்கு அனுப்புங்கள். முதலில் ஒரு வக்கீலிடம்: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது, பத்திரம் உங்கள் பெயரிலோ மூப்பர் பெயரிலோ இருக்கக் கூடாது. அடுத்து கலெக்டர் ஆபீஸுக்கு: வழிபாட்டு இடம் கட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வீட்டுமனை என்று வாங்கிவிட்டு ஆலயம் கட்டினால் பாதியில் சீல் வைக்கும் நிலை வரலாம். மூன்றாவது, அந்த இடத்துக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்களிடம். சென்னையில் ஒரு சபையின் சத்தத்தைப் பற்றிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் தீர்ப்பு வந்தது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் ஐந்து மணி ஜெபத்தில் மைக் வைக்கிறீர்கள் என்றால் நாளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள், பட்டறைக்காரரிடமும் எதிர்வீட்டுக்காரர்களிடமும் போய் இதுவரை தொந்தரவாக இருந்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் அந்த நோட்டில் எழுதி, அடுத்த கடிதத்தில் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.